முதல் இழப்பு யாருக்கு?

ஹிஜ்ரி 10-ல் அரஃபாத் பெருவெளியில் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அறியாமைக் கால வட்டிகளை ரத்துச் செய்தார்கள். முதலாவதாகத் தள்ளுபடியானது யாருடைய வட்டி? தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டியது! இரத்தப் பழியையும் அவ்வாறே தம் குடும்பத்தாரிடமிருந்தே தொடங்கினார்கள்.

பூமி சூடேறுவதைத் தடுக்கக் கூடுவோரிடம் இவ்வரிசை தலைகீழாயிருக்கிறது. 2020-க்குள் ஏழை நாடுகளுக்காக ஆண்டுக்குப் பத்தாயிரம் கோடி டாலர் திரட்டுவதாகச் செல்வ நாடுகள் 2009-ல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அத்தொகை எட்டப்பட்டது 2022-ல்தான். 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டுக்குத் தனி விமானத்தில் வந்திறங்கிய தலைவர்களும் உண்டு. வாக்கு மாறுதல் நயவஞ்சகத்தின் அடையாளமென்பது நாம் அறிந்ததே.

ஆயினும், "சொல்பவனே செய்யவில்லை, எனக்கென்ன?" என நழுவ மார்க்கத்தில் இடமில்லை. தான் செய்வது ஒரு கடமை, பிறரை ஏவுவது மற்றொரு கடமை. ஒன்றில் தவறினால் மற்றது நீங்கிவிடாது என்று இமாம் நவவீ (ரஹ்) விளக்குகிறார்கள். சொன்னவர் குற்றவாளியாகலாம், சொல் பொய்யாகாது.

இனி நம் பள்ளிவாசலுக்கு வருவோம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில் ஒளூச் செய்தார்கள். அதாவது, நடுத்தர மனிதரின் இரு கைகளும் சேர்ந்து கொள்ளுமளவு. நாமோ குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்திலிருப்பவரிடம் மகன் சவூதியிலிருந்து வந்துவிட்டானா என்று விசாரிக்கிறோம்! மோட்டார் ஏற்றித் தந்த நீர் அது. உறுப்புகளை மூன்று தடவைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ். கடற்கரையில் அமர்ந்திருந்தாலும் விரயம் விரயமே. ஒளூவுக்கென வக்ஃபு செய்யப்பட்ட நீரிலோ மூன்றைத் தாண்டுவது ஹராம் என்றே 'ஃபத்ஹுல் முஈன்' கூறுகிறது.