நகர் பரிஷத் டெண்டரும் நம்மவர்களும்

மகாராஷ்டிரத்தில் சிறு பட்டறை வைத்து, பக்கத்து ஊர் நகர் பரிஷத்துகளுக்கு இரும்புக் குப்பைத் தொட்டிகள் செய்து தருகிறேன். "யாரைப் பிடித்தால் டெண்டர் கிடைக்கும்?" என்று சங்க அன்பர்கள் கேட்பதுண்டு. முதலில் பிடிக்க வேண்டியது காகிதங்களை!

பெரும்பாலும் இரண்டு உறை முறைதான். இப்போது உறைகளும் கணினியில். முதல் உறையில் ஜி.எஸ்.டி., பான், முன்பு செய்த வேலைக்குச் சான்று, இ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை. கேட்டவற்றில் முக்கியமான ஒன்று குறைந்தாலும் விலை உறையைத் திறக்க மாட்டார்கள். எவ்வளவு மலிவாகப் போட்டிருந்தாலும் வீண். முன் அனுபவம் இல்லாதவர்கள், கொட்டேஷன் வாங்கிக் கொடுக்கும் சில்லறை வேலைகளில் தொடங்கலாம்.

'உத்யம்' பதிவு இருந்தால் இ.எம்.டி. வேண்டாம் என்று பலர் நம்புகிறார்கள். 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை மத்திய அரசுத் துறைகளையும் அதன் நிறுவனங்களையும் பற்றியது. நகராட்சி என்றால் மாநில விதியையும் டெண்டர் நிபந்தனையையும் படித்தே ஆக வேண்டும்.

வேலை கிடைத்த பிறகு பில் பணம். 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சிறு உற்பத்தியாளருக்கு அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் அடுத்த ஆண்டும் அதே ஊரில் டெண்டர் போட வேண்டுமே! ஆகவே ஆறு மாதம் பணம் வராவிட்டாலும் ஆட்களுக்குக் கூலி கொடுக்க முடியுமா என்று பார்த்த பிறகே நான் விலை எழுதுகிறேன். வீட்டு நகையை அடகு வைத்து இ.எம்.டி. கட்ட வந்தவர்களைத் தடுத்தும் இருக்கிறேன்.