ஈரல் கட்டியும் ஊசிப் பரிசோதனையும்

சென்ற மே முதல் நாள் கிராம சபை கலைந்தபின், விவசாயி ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். அவருடைய தமையனாருக்கு ஈரலில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்து, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கவேண்டும் என டாக்டர்கள் கூறியிருந்தனர். "கட்டியைக் குத்தினால் உடலெங்கும் பரவிவிடும் என்கிறார்களே, ஐயா! குற்றாலத்தில் சாரல் தொடங்கட்டும், அருவியில் குளிக்கவைத்து, மூலிகை கொடுத்துப் பார்க்கிறோம்" என்றார். இவ்வச்சம் தென்காசி வட்டாரத்தில் இவர் ஒருவருக்கே உரியதன்று. நாம் மருத்துவர் அல்லோம். டாக்டர்களிடம் கேட்டறிந்தவற்றை ஈண்டுக் கூறுகிறோம்.

ஈரலில் தோன்றும் கட்டி யாவும் புற்றுநோய் அன்று. இரத்தக் குழாய்கள் திரண்ட தீங்கற்ற கட்டியும், சீழ்க்கட்டியும் உண்டு. புற்றிலும், ஈரலிலேயே பிறந்தது ஒன்று. குடல், இரைப்பை முதலியவற்றிலிருந்து வந்து தங்கியது மற்றொன்று. ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

மண் பரிசோதனையை விவசாயிகள் நன்கறிவர். வரப்போரத்திலும் எருக்குவியலடியிலும் எடுத்த மண் வயலின் உண்மையைக் கூறாது. அதுபோலவே கட்டியின் சரியான இடத்திலிருந்து சதை எடுத்தல் வேண்டும். இதற்காகவே டாக்டர், அல்ட்ரா சவுண்டு அல்லது சி.டி. ஸ்கேன் படத்தில் ஊசியின் வழியைப் பார்த்துக்கொண்டே செலுத்துகிறார். முன்னதாக இரத்தம் உறையும் தன்மை சோதிக்கப்படும். தோல் மரத்துப்போக மருந்து போடப்படும். எடுத்த சதையை நோய்க்குறியியல் நிபுணர் நுண்ணோக்கியில் ஆராய்வார். நோயாளி சில மணி நேரம் படுத்திருத்தல் அவசியம்.

அபாயமே இல்லையோ எனின், உண்டு. இரத்தக் கசிவு நேரலாம், பெருங்கசிவு அரிது. ஈரலிலேயே பிறந்த புற்று, ஊசி சென்ற வழியில் முளைப்பதும் உண்டு. ஆய்வுகளில் அது 100 பேரில் 3 பேருக்கும் குறைவே. எல்லாருக்கும் ஊசி தேவையுமன்று. ஈரல் சுருங்கிய நோயாளிகளுக்கு, மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேனே பலவேளைகளில் போதும். ஆதலின், "இப்பரிசோதனை எதற்கு? இதனால் சிகிச்சை எவ்வாறு மாறும்?" என்று டாக்டரைத் தயங்காது கேட்கலாம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் இத்தகைய குடும்பங்களுக்கு வழிகாட்டுதல் வேண்டும். பழைய ஸ்கேன் படங்களையும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையையும் உடன் கொண்டுசெல்லச் சொல்லுக. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்போர் அதனை முன்னரே டாக்டரிடம் தெரிவித்தல் வேண்டும். தாமாக நிறுத்துதல் கூடாது. வீடு திரும்பியபின் கடும் வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

மேற்கூறிய தமையனார் சாரலுக்குக் காத்திராமல் பரிசோதனைக்கு இசைந்தார். குடலில் தோன்றிய புற்றே ஈரலுக்கு வந்தது எனத் தெரிந்து, அதற்குரிய மருந்து தொடங்கப்பெற்றது. நோய் எளியதன்று, எனினும் இன்ன நோய் என்றறிந்தே சிகிச்சை நடைபெறுகிறது. சாரல் ஆண்டுதோறும் வரும். கடந்த நாள் மீண்டும் வாராது.