புளித்த மாவும் வெப்பமானியும்

நொதித்தல் பற்றிய பாடத்தை நான் ஆண்டின் பிற்பகுதிக்குத் தள்ளி வைப்பதில்லை. காஞ்சிபுரத்தின் ஜூன் வெயிலைவிட நல்ல ஆய்வுக்கருவி அதற்குக் கிடைக்காது. சென்ற ஆண்டு பள்ளி திறந்த இரண்டாவது வாரமே எட்டாம் வகுப்பில் அதைத் தொடங்கினேன். ஈஸ்ட், சர்க்கரைக் கரைசல், பலூன் என்று வழக்கமான செயல்பாட்டைச் செய்து காட்டி, பலூனும் உப்பியது. மாணவர்கள் கைதட்டினார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து கேட்டாள்: "சார், வெயில் காலத்துல மாவு சீக்கிரம் புளிச்சுப் போகுதே, அதை நிறுத்த முடியுமா?"

அவளுடைய அம்மா தெருவோரத்தில் காலை இட்லிக் கடை போடுபவர். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களில் மீந்த மாவைக் கொட்டத்தான் வேண்டும். அந்த வீட்டில் அது அன்றைய வருமானத்தில் விழும் துண்டு. பலூனோடு பாடத்தை முடித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் ஒரே கிரைண்டரில் அரைத்த மாவை நான்கு கண்ணாடி டம்ளர்களில் பாதியளவு ஊற்றினோம். மாவின் மட்டத்தில் ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு ரப்பர் பேண்ட். ஒன்று குளிர்சாதனப் பெட்டியில், இரண்டாவது வகுப்பறை மேசையில், மூன்றாவது ஈர மணல் நிரப்பிய மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி, சன்னலோரக் காற்றில். நான்காவதை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் வைத்து, ஆற ஆற நீரை மாற்றினோம். மணிக்கொரு முறை வெப்பநிலையையும் மாவின் உயரத்தையும் குறித்தார்கள். தொடக்கத்திலும் முடிவிலும் பி.எச். தாள்.

குளிரில் இருந்தது அசையவில்லை. வெந்நீரில் இருந்ததும் அசையவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வைப்பதுதான் பாடத்தின் உயிர். மறுநாள் இரண்டையும் மேசையில் வைத்துப் பாருங்கள். குளிரில் இருந்தது மெல்லப் பொங்கும், மற்றது பொங்காது. ஒன்றில் நுண்ணுயிரிகள் தூங்கின, மற்றதில் பெரும்பாலும் மடிந்தன. மேசை டம்ளர் மாலைக்குள் நன்றாகப் பொங்கியது. மறுநாள் காலை பார்த்தால் நடுவில் அமுங்கி, மூக்கைத் துளைக்கும் புளிப்பு. ஈர மணலில் இருந்தது வகுப்பறையைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவே இருந்தது. மெதுவாகப் பொங்கி, காலையிலும் மட்டம் இறங்காமல் நின்றது.

இட்லி மாவை முக்கியமாகப் பொங்க வைப்பது லியூக்கோநாஸ்டாக் மீசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா. அது லாக்டிக் அமிலத்தோடு கார்பன் டைஆக்சைடையும் வெளியிடுகிறது. அந்த வாயுவைப் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. வெப்பம் மிகும்போது, வாயுவைத் தராமல் அமிலத்தை மட்டும் தரும் வகைகள் முந்திக்கொள்கின்றன. மாவு புளிக்கும், ஆனால் எழும்பாது. 'சீக்கிரம் புளிப்பது' வேறு, 'நன்றாகப் பொங்குவது' வேறு என்பதை மாணவர்கள் தாங்களே கண்டார்கள்.

பீர் ஆலைகளுக்கும் இதே தலைவலிதான். பாடநூலே ஆல்கஹால் நொதித்தலைப் பேசுகிறது. நாம் கூச்சப்பட்டு அதைத் தாண்டிப் போனால் நல்ல வரலாறு ஒன்று விட்டுப்போகும். லாகர் வகை ஈஸ்ட் ஏறத்தாழ 7 முதல் 13 டிகிரியில் வேலை செய்வது, ஏல் வகை 20 டிகிரியை ஒட்டி. வெப்பம் கூடினால் வேண்டாத வாசனைகள் வந்துவிடும். பவேரியாவில் 1553இல் கோடைக்காலத்தில் பீர் காய்ச்சவே தடை போட்டார்கள். செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டுமே அனுமதி. 1870களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிரூட்டும் இயந்திரங்களை முதலில் வரவேற்றவர்களும் அங்குள்ள பீர் ஆலைக்காரர்களே. நம் மாணவர்கள் கையில் பிடித்திருக்கும் பி.எச். தாளுக்குப் பின்னால் இருக்கும் அளவுகோலை 1909இல் அறிமுகப்படுத்திய சோரன்சன், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். இதைச் சொன்னதும் வகுப்பில் எழுந்த சலசலப்பு அடங்கச் சற்று நேரமானது.

பாடம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அந்த மாணவி வந்து, "சார், எங்க வீட்ல அண்டாவுல இருக்கு. துணி சுத்தினா ஓரம் மட்டும்தான் ஜில்லுன்னு இருக்கு, நடுவுல சூடாவே இருக்கு" என்றாள். டம்ளரில் வென்றதை அண்டாவுக்கும் பொருத்தியது என் தவறு.

கரும்பலகையில் இரண்டு கனசதுரங்கள் வரைந்தோம். பக்கம் 1 செ.மீ. என்றால் புறப்பரப்பு 6, கனஅளவு 1. பக்கம் 10 செ.மீ. என்றால் புறப்பரப்பு 600, கனஅளவு 1000. ஒரு கன செ.மீ. மாவுக்கு முன்பு 6 சதுர செ.மீ. பரப்பு, இப்போது 0.6 மட்டும். வெப்பம் வெளியேறும் வாசல் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. கிரைண்டர் உராய்வில் ஏறிய சூடும், நொதித்தலில் பிறக்கும் சிறு வெப்பமும் அண்டாவின் நடுவே மாட்டிக்கொள்கின்றன. பெரிய பீர் தொட்டிகளின் சுவரைச் சுற்றிக் குளிர்ந்த திரவத்தை ஓடவிடுவதும் இதனால்தான்.

அப்போது ஒரு மாணவன் கோயில் இட்லியை இழுத்தான். வரதராஜப் பெருமாள் கோயிலில் மிளகு, சீரகம், சுக்கு சேர்த்த மாவை, மந்தாரை இலை விரித்த உயரமான மூங்கில் குடலையில் ஊற்றி அவிப்பார்கள். தட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், குடலை இட்லிக்கோ மணிக்கணக்கில் ஆகும். "அங்க சூடு உள்ள போக நேரமாகுது, இங்க வெளிய வர நேரமாகுது. ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றான். ஒன்றேதான். இந்த ஒப்பீடு எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பிறகு வகுப்பே கூடித் தீர்வு தேடியது. அரைக்கும்போது பானைத் தண்ணீர் விடுவது. அண்டாவுக்குப் பதில் நான்கு சிறிய, அகலமான பாத்திரங்களில் பிரித்து ஈர மணலில் வைப்பது. மாலையில் அரைக்காமல் இரவு தாமதமாக அரைப்பது. மூன்றையும் அவள் வீட்டில் செய்து பார்த்தார்கள். புளிப்பு முற்றிலும் நிற்கவில்லை. ஆனால் காலையில் மீந்த மாவை மாலை ஊத்தப்பத்துக்கு வைத்துக்கொள்ள முடிந்தது என்று அவள் அம்மா பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். மணலை நனைக்கத் தண்ணீர் தூக்குவது கூடுதல் வேலை என்றும் சொன்னார். அதையும் குறிப்பேட்டில் எழுத வைத்தேன்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சொல். ஆய்வக வெப்பமானி நுழைந்த மாவை யாரும் சமைக்கவோ சுவைக்கவோ கூடாது. டம்ளரைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். நாங்கள் முதல் முறை நிரப்பி, வருகைப் பதிவேடு வரை மாவு வழிந்தது. முடிந்தால் இதே அளவீட்டை ஐப்பசி அடைமழையிலும் ஒருமுறை எடுங்கள். அப்போது மாவு ஏன் பொங்கவில்லை என்ற கேள்வியோடு வேறு சில வீடுகளிலிருந்து பிள்ளைகள் வருவார்கள்.