வன்தட்டை அழிக்குமுன்

எமது நிலையமொன்றிலிருந்த பழைய கொம்பியூட்டரில் வின்டோசைப் புதிதாக நிறுவ முற்பட்டோம். பாதி வழியில், இந்தத் தட்டில் நிறுவ முடியாது என்ற அறிவித்தல் திரையில் வந்தது. திருத்துபவர் ஒருவரிடம் கேட்டோம். “தட்டு பழுது, புதிது வாங்குங்கள்” என்றார். உண்மையில் தட்டில் பழுது இருக்கவில்லை. ஆனால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் சிலவற்றின் காணி உறுதிகள், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள் ஆகியவற்றின் பிரதிகள் அதற்குள் இருந்தன. மூலப் பத்திரங்களை வழியிலே இழந்தவர்களும் அவர்களுள் உண்டு. அவசரப்பட்டிருந்தால் பிரதிகளையும் இழந்திருப்போம்.

தட்டும் காணியும்

காணியைத் துண்டு பிரித்து வரம்பு கட்டிய பின்பே விதைக்கிறோம். வன்தட்டையும் அவ்வாறே பகுதிகளாகப் பிரித்து, ஃபோர்மட் செய்த பின்பே பயன்படுத்துகிறோம். எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று தட்டிலேயே இருக்கும்.

இதில் இரு முறைகள் உண்டு. எம்.பி.ஆர். என்பது 1983இல் வந்த பழைய முறை. அதில் நான்கு முதன்மைப் பகுதிகளே அடங்கும். சாதாரண தட்டில் ஏறத்தாழ 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கிடவும் முடியாது. மற்றையது ஜி.பி.டி. என்னும் புதிய முறை. யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் தொடங்கும் கொம்பியூட்டரில், ஜி.பி.டி. தட்டில் மட்டுமே வின்டோசை நிறுவலாம். எமது தட்டில் இருந்ததோ பழைய அட்டவணை.

செய்ய வேண்டியவை

1. முதலில் பிரதி எடுங்கள். கொம்பியூட்டர் தொடங்காவிட்டால், தட்டைக் கழற்றி வேறொன்றில் இணைத்து எடுக்கலாம். எடுத்த கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறவாத பிரதி பிரதியல்ல.

2. பிரதி வைத்திருக்கும் தட்டைக் கழற்றி அப்பால் வையுங்கள். தவறான தட்டை அழிப்பதே இவ்வேலையில் நேரும் பெரிய இழப்பு.

3. நிறுவும் பென் டிரைவிலிருந்து, யூ.ஈ.எஃப்.ஐ. முறையில் கொம்பியூட்டரைத் தொடங்குங்கள். தட்டுகளின் பட்டியல் வரும்போது, அளவைப் பார்த்து உரிய தட்டை அடையாளம் காணுங்கள். பென் டிரைவும் அப்பட்டியலில் தோன்றக்கூடும்.

4. அத்தட்டின் பகுதிகளை ஒவ்வொன்றாக ‘டிலீட்’ செய்யுங்கள். அதிலுள்ள யாவும் போய்விடும். ஒதுக்கப்படாத இடம் மட்டும் மிஞ்சியதும், அதைத் தெரிவு செய்து ‘நெக்ஸ்ட்’ கொடுங்கள். ஜி.பி.டி. அட்டவணையை வின்டோஸ் தானே எழுதிக்கொள்ளும்.

வேறு சிக்கல்கள்

தட்டு பட்டியலிலேயே இல்லாவிட்டால், மின்னை நிறுத்தி, இணைப்பு வயர்களைக் கழற்றி மீண்டும் இறுக்கிப் பாருங்கள். சுழலும் தட்டிலிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். அது உண்மையான பழுதாக இருக்கலாம். ஃபோர்மட் செய்து அதைக் குணப்படுத்த முடியாது.

தவறுதலாக ஃபோர்மட் செய்துவிட்டால் அத்தட்டில் எதையும் எழுதாதீர்கள். விரைவு ஃபோர்மட் புதிய அட்டவணையையே எழுதுகிறது. பழைய தரவுகள், அவற்றின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை, அங்கேயே கிடக்கும். விடயம் தெரிந்த ஒருவரால் மீட்க முடியும். ஆனால் எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளில் இந்த நம்பிக்கை குறைவு.

குழுவாகச் சிந்திக்க

எமது குடும்பப் பத்திரங்களின் பிரதிகள் எத்தனை இடங்களில் உள்ளன? அவற்றைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது?