தலைமாடு எந்தப் பக்கம்?

வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் திசை பார்த்துத் தலைமாடு வைக்கும் நாம் காற்றைப் பார்த்து வைப்பதில்லை. நான்கு சுவர்களுக்குள் படுப்பவர்களுக்கு அது தேவையும் இல்லை. சாரணியர் முகாமுக்காகக் கொடைக்கானல் மலைக்குச் சென்ற எங்களுக்கு அது ஒரே இரவில் பாடமாயிற்று.

கூடாரத்தில் இடம் போதாமையால் எங்களில் நால்வருக்கு மரங்களுக்கிடையே தொங்கு படுக்கை கட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஆங்கிலத்தில் 'ஹேமக்' எனப்படும் இதை நம் வீட்டுத் தூளியின் அண்ணன் என்று சொல்லலாம். அப்பெயர் மேற்கிந்தியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் சொல்லிலிருந்து வந்தது. 1492ஆம் ஆண்டில் அங்கு சென்ற கொலம்பஸின் ஆட்கள் இவ்வலைப் படுக்கைகளைக் கண்டு வியந்தனர். பின்னர் ஐரோப்பியக் கப்பல்களிலும் மாலுமிகள் இவற்றிலேயே உறங்கினர். மேலும் கீழும் காற்றோடுவதால் வெப்ப நாட்டில் இது சுகமான படுக்கை. மலையில் அந்தக் குணமே குறையாகிவிடுகிறது.

அது ஜனவரி மாதம். இடம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு சரிவு. மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து இதமான காற்று மேல்நோக்கி வீசிற்று. காற்று வரும் பக்கம் கால், மறுபக்கம் தலை என்று மிகப் புத்திசாலித்தனமாக முடிவு செய்தோம். கால்மாடு பள்ளத்தை நோக்கியும் தலைமாடு உச்சியை நோக்கியும் இருக்கும்படி கட்டி, மேலே தார்ப்பாயைக் கூரைபோல் இழுத்துவிட்டோம். தலைக்கு நேர்மேலே காய்ந்த கிளை ஏதும் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டோம். (இதை மட்டும் அன்று சரியாகச் செய்தோம்!)

பதினொரு மணி வரை நல்ல உறக்கம். பிறகு ஒருத்தி பின் ஒருத்தியாக எழுந்து உட்கார்ந்தோம். காதுகள் விறைத்துவிட்டன, நெற்றி வலித்தது. காற்று திரும்பிவிட்டது! உச்சியிலிருந்து இறங்கி நேராக எங்கள் தலைமாட்டில் வீசிக்கொண்டிருந்தது.

பள்ளத்தாக்குக் காற்று, மலைக்காற்று என்று பூகோளப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். பகலில் வெயிலால் சூடேறிய சரிவை ஒட்டிய காற்று இலேசாகி மேலேறும். இரவில் சரிவு குளிர்ந்து, அதனை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீர் வழிவதுபோல் கீழே இறங்கும். இத்தனையும் தெரிந்த நாங்கள் மாலைக் காற்றை நம்பித் தலை வைத்துப் படுத்தோம்.

நம் தோலை ஒட்டி, உடலின் சூட்டால் வெதுவெதுப்பான ஒரு மெல்லிய காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே அதுவே நமக்கு முதல் போர்வை. வீசும் காற்று அந்தப் போர்வையை ஓயாமல் உருவிக்கொண்டு போகிறது. வெப்பநிலை 5 டிகிரியாக இருந்து, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் முகத்துக்கு அது 0 டிகிரிக் குளிராகத் தோன்றும் என்பது வானிலையாளர் கணக்கு. வெப்பமானி என்னவோ 5 டிகிரியைத்தான் காட்டும்.

உடல் வெப்பத்தில் பாதி தலை வழியாகவே போய்விடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது சரியன்று. வளர்ந்தவர்களின் தலை உடற்பரப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன் வழியே போகும் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவே. ஆனால் கழுத்து வரை கம்பளிக்குள் இருக்கும்போது வெளியே இருப்பது தலை ஒன்றுதான். மேலும், குளிரில் கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி வெப்பத்தைக் காப்பதுபோல் தலையின் குழாய்கள் சுருங்குவதில்லை. முகமோ குளிரை வெகு விரைவில் உணரும். தலையில் காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்பார்கள். சளியைக் கொண்டுவருவது வைரஸ் கிருமி, காற்றன்று. இருந்தாலும் பாட்டியின் மஃப்ளரை நாங்கள் குறை சொல்லமாட்டோம்.

இன்னொரு தவறும் செய்தோம். அன்று மாலை வெந்நீர் கிடைத்ததே என்று இருவர் தலைக்குக் குளித்து, ஈரம் உலராமலே பின்னிக்கொண்டு படுத்தனர். உலர்ந்த கூந்தல் காற்றைத் தன்னுள் நிறுத்தித் தலைக்குக் காப்பாகும். ஈரக் கூந்தல் நேர்மாறானது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்குச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். பின்னலில் தங்கிய பத்துக் கிராம் நீர் ஆவியாக வேண்டிய வெப்பத்தை எடுத்தால், அரை லிட்டருக்கு மேற்பட்ட நீரை 10 டிகிரி குளிர வைக்கலாம். அதில் பெரும்பங்கைக் கொடுத்தது அவர்களின் தலை.

எங்களில் இளையவள் செய்ததுதான் எல்லாவற்றிலும் மோசம். இரவு இரண்டு மணிக்கு எங்கள் ஆசிரியை டார்ச் விளக்குடன் சுற்றி வந்தபோது, மழைக்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை அவள் தலைக்கு மேல் இழுத்து முகத்தையும் மூடிக்கொண்டு கிடந்தாள். ஆசிரியை பதறிப்போய் அதைப் பிடுங்கினார். முகமெல்லாம் நனைந்து, தலை கனக்கிறது என்று முனகினாள். வெளிக்காற்றில் கரியமிலவாயு நூற்றுக்கு 0.04 பங்கு, நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 பங்கு. மூடிய தாளுக்குள் அதையே திரும்பத் திரும்ப இழுத்தால் என்ன ஆகும் என்பதை ஆசிரியை விளக்கியபோது யாரும் பேசவில்லை. கம்பளிக்குள் முகம் புதைப்பதும் நல்லதன்று. மூச்சின் ஈரம் கம்பளியை நனைக்க, விடியுமுன் குளிர் இரட்டிப்பாகும்.

மறுநாள் படுக்கைகளைச் சரிவுக்குக் குறுக்காகக் கட்டினோம். இரண்டு மரங்களும் ஒரே மட்டத்தில் இருந்ததால் கட்டுவதும் எளிதாயிற்று. தார்ப்பாயின் மேட்டுப் பக்க ஓரத்தைத் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை இறக்கி முளை அடித்தோம். பள்ளத்துப் பக்கம் திறந்தே இருந்தது. தலைமாட்டில் தார்ப்பாய் ஒரு முழம் நீண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டு, அங்கே ஒரு பழைய படுக்கை விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டோம். முகத்துக்கும் திரைக்கும் இடையே தாராளமாக இடம் இருந்தது. முதுகின் கீழ் நசுங்கும் கம்பளியால் பயனில்லை என்று கண்டு, ஜமக்காளத்தை நான்காக மடித்து விரித்தோம். உலர்ந்த கூந்தலைத் தளரப் பின்னி, காதும் கழுத்தும் மறையக் குரங்குக் குல்லாய் அணிந்தோம். மூக்கும் வாயும் மட்டும் வெளியே! ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்து முடிக்கவே கால்மணி நேரம் ஆயிற்று.

அன்றிரவும் மலைக்காற்று இறங்கி வந்தது. தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. விடியலில் வெப்பமானி 7 டிகிரி காட்டிற்று. ஐந்தரை மணிக்கு விசில் ஊதியபோது கூடாரத்தில் இருந்தவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். எங்களை அழைக்க ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.