தில்லை இலையும் கோபுர வாசலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். போனில் பார்த்தது போதாமல், சிலவற்றைக் கடையில் கொடுத்து பிரிண்ட் போட்டும் பார்த்தேன். உனக்குக் கண் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் பால்வீதியையும், அதற்கும் மேலே புகைபோல ஓர் ஓம் எழுத்தையும் வைத்திருக்கிறாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு படங்களை இணைப்பதே பொய் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதுரையிலும் தஞ்சையிலும் கோயில்களைப் படமெடுத்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். அந்தக் காலத்து நெகட்டிவில் நீல வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அதனால் நெகட்டிவின் மேலேயே சாயத்தால் மேகங்களைத் தீட்டிவிடுவார். ஆனால் அவர் தீட்டியது அந்த வானத்தில் இருந்திருக்கக்கூடிய மேகம். உன் பால்வீதி லடாக்கில் எடுத்தது. விமானத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கேதார்நாத்தை வைத்தாலும், ஒரு தேவாலயத்தை வைத்தாலும் உன் படம் அதே படமாகத்தான் இருக்கும். எனக்கு இடிக்கிற இடம் அதுதான்.

கோயிலோடு இயற்கையைச் சேர்க்கிற வேலையை நம் ஊர்க்காரர்கள் எப்போதோ செய்து வைத்துவிட்டார்கள். காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா, திருவானைக்காவில் வெண்ணாவல், மதுரைக்குக் கடம்பு, குற்றாலத்தில் குறும்பலா. கோயிலோடு இணைக்க வேண்டிய இரண்டாவது படம் எது என்று அந்தந்தக் கோயிலின் தலமரமே சொல்லிவிடும்.

சிதம்பரத்தை எடுத்துக்கொள். அதன் தலமரமான தில்லையைப் பார்க்க வேண்டுமானால் இன்று பிச்சாவரத்துச் சதுப்புக்குத்தான் போக வேண்டும். அதன் இலை உதிர்வதற்கு முன் நன்றாகச் சிவக்கும். எப்போது சிவக்கும் என்று படகுக்காரர்களைக் கேட்டுவிட்டுப் போ. கிளையை மட்டும் ஒடிக்காதே. அதன் பால் தோலைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையே மங்கிவிடும். கூத்தாடுகிறவன் தன் இருப்பிடமாக எடுத்தது இப்படி ஒரு மரக்காட்டை என்பது எனக்கு என்றைக்கும் தீராத வியப்பு.

படகு ஆடும், ஷட்டரை 1/500-க்குக் கீழே இறக்காதே. இலைக்குப் பின்னால் வெயில் இருக்கும்படி உட்கார். பிறகு ஒரு காலையில் சிதம்பரம் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு வா. வாசல் நடையின் இருபுறமும் நடன நிலைகளைக் காட்டும் கரணச் சிற்பங்கள் மேலும் கீழுமாக வரிசை கட்டியிருக்கும். தெருப்பக்கத்து வெளிச்சம் சாய்ந்து உள்ளே வரும்போது ஒவ்வொரு முழங்காலும் விரலும் கல்லிலிருந்து எழுந்து நிற்கும். கம்ப்யூட்டரில் இலையை மேல் லேயராக வைத்து மல்டிப்ளை போட்டுப் பார். கல்லின் வெளிறிய பகுதிகளில் சிவப்பு படியும், நிழல் நிழலாகவே இருக்கும். இரண்டு படத்திலும் வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வரட்டும். அது மாறிப்போனால் பார்க்கிறவருக்குக் காரணம் புரியாது, ஆனாலும் மனம் ஒட்டாது.

அனுமதி கேட்காமல் எடுக்காதே. 2022 டிசம்பரில் திருச்செந்தூர் வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொன்னது உனக்குத் தெரிந்திருக்கும். தொல்லியல் துறையின் இடங்களில் முக்காலி வைக்கவும் தனி அனுமதி வேண்டும். கருவறையை, யாராவது சரி என்றாலும், விட்டுவிடு. அங்கே நிற்கிற அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எதையோ கேட்டுக்கொண்டிருப்பாள். அந்த முகம் உனக்கு உரியதல்ல.

ஜப்பானில் ஹிரோஷி சுகிமோட்டோ என்ற புகைப்படக் கலைஞர், கியோட்டோவில் கண்ணோன் என்ற பௌத்த தெய்வத்தின் 1001 சிலைகள் உள்ள சஞ்சூசங்கென்டோ ஆலயத்தைப் படமெடுக்க ஏழு ஆண்டுகள் அனுமதிக்காகக் காத்திருந்தார். 1995-இல் அது கிடைத்ததும் அவர் உள்ளே இருந்த ட்யூப்லைட்டை அணைக்கச் சொன்னார். விடியல் வெளிச்சத்திலேயே எடுத்து முடித்தார். நம் மண்டபங்களில் ட்யூப்லைட்டை அணைக்க யார் கேட்பார்கள்! உன்னால் முடிந்தது ஒன்று உண்டு. கேமராவின் ஒயிட் பாலன்ஸை ஆட்டோவில் விடாதே. அது அகல் சுடரின் மஞ்சளைக் குறை என்று நினைத்துத் துடைத்துவிடும். பகல் வெளிச்சத்துக்கு நீயே நிறுத்தி வை. ஓம் எழுத்து செய்ய வேண்டியதை அந்த மஞ்சள் செய்துவிடும்.

பிரிண்ட் போடும்போது பளபளப்புத் தாள் வேண்டாம், பருத்தித் தாளில் பிக்மென்ட் மையால் போடு. எந்த இரண்டு இடங்கள், எந்த மாதம், எதை எதோடு இணைத்தாய் என்று பின்னால் பென்சிலில் எழுதிவை. விற்பதானால் அதே குறிப்பு முன்பக்க அட்டையிலும் இருக்கட்டும். வாங்குகிறவர் பூஜை அறையில் மாட்டி விளக்கேற்றப் போகிறார், அவருக்குத் தெரிய வேண்டும்.

பிச்சாவரத்துக்கு உன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போகாதே. படகில் ஏறியதிலிருந்து வாய் ஓயாது, ஒரு பறவை மிஞ்சாது.

அன்புடன்,
பெரியப்பா