மறையும் ஒளியின் திசை

விண்வெளியில் எவரேனும் அணுகுண்டு வெடிக்கின்றனரா எனக் கண்காணிக்க 1963 முதல் அமெரிக்கா 'வேலா' செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் பதிவான காமாக் கதிர் வீச்சு அணுகுண்டினுடையதன்று. பின்னர்ப் பதிவான வெடிப்புகள் ஒவ்வொரு செயற்கைக்கோளையும் அடைந்த நேர வேறுபாட்டைக் கணக்கிட்ட அறிஞர்கள், அவை புவியிலிருந்தோ ஞாயிற்றிலிருந்தோ வரவில்லை என 1973இல் அறிவித்தனர்.

எனில், எங்கிருந்து வருகின்றன? விடை கிடைக்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆயிற்று. காமாக் கதிர்களை ஒளியைப்போல் ஆடியால் எளிதில் குவிக்க இயலாது. ஆதலால் திசை துல்லியமாகப் புலப்படுவதில்லை. வெடிப்போ பெரும்பாலும் சில நொடிகளில் அடங்கிவிடும். தொலைவு தெரியாமல் ஆற்றலை எவ்வாறு மதிப்பிடுவது? அருகிலுள்ள சிற்றகலும் தொலைவில் பற்றியெரியும் காடும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றலாம் அன்றோ!

1997 பிப்ரவரி 28 அன்று இத்தாலியும் நெதர்லாந்தும் உருவாக்கிய 'பெப்போசாக்ஸ்' ஒரு வெடிப்பைக் கண்டது. ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் அதன் நுண்ணிய எக்ஸ் கதிர்க் கருவிகள் அத்திசைக்குத் திருப்பப்பட்டன. மங்கிக்கொண்டிருந்த பின்னொளி அகப்பட்டது. கானரித் தீவுகளிலுள்ள வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி ஒரு நாளுக்குள் அவ்விடத்தைப் படமெடுத்தது. எட்டு நாள் கழித்து மீண்டும் எடுத்தது. முதற்படத்தில் இருந்த ஒளிப்புள்ளி இரண்டாவதில் இல்லை. வெடிப்பின் இருப்பிடம் அதுவே.

அவ்வாண்டு மே 8 அன்று நிகழ்ந்த வெடிப்பின் பின்னொளியை ஹவாயிலுள்ள கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பகுத்தது. பல நூறு கோடி ஒளியாண்டுத் தொலைவு! பால்வெளிக்கு அப்பாலிருந்து வருவது உறுதியாயிற்று.

2004இல் ஏவப்பட்ட 'சுவிஃப்ட்', வெடிப்பைக் கண்டதும் ஆணைக்குக் காத்திராமல் ஓரிரு நிமிடங்களில் தானே திரும்பி, அதன் இருப்பிடத்தைப் புவியிலுள்ள தொலைநோக்கிகளுக்கு அறிவிக்கின்றது.